நாலாவது காரணம்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், பென்ஷன் காகிதங்களுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மனு இருக்கிறது. முழுத்தாள், இரண்டு பக்கமும் எழுதியது. மேல் மூலையில் மண்டல அலுவலகத்தின் ‘பெறப்பட்டது’ முத்திரை. கீழே ஏழு பேர் கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது. மனுவை எழுதியவனும் நான்தான். எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு பெண்ணை மேனேஜராகப் போடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதற்கு நாலு காரணங்களை நம்பர் போட்டு எழுதியிருந்தேன். முதல் மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு டிக் இருக்கிறது. போட்டவர் அதே மேனேஜர். நாலாவதுக்குப் பக்கத்தில் பல வருஷம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த எங்கள் கிளையில் ஹெட் கேஷியர். வீடு மீஞ்சூரில். காலை லோக்கல் ரயிலில் ஏறினால் கதவோரம் காற்று வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேன். கிளையைச் சுற்றிலும் உருக்காலைகளும் கம்பி மில்களும். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரித்தூள் படியும். பதினெட்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் கிளை என் சொந்த வீடு என்கிற திமிர் எனக்கு வந்துவிட்டது. மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள், நான் இருப்பேன். ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளரும் நானே. எங்கள் வட்டாரத்தில் முதல் முறையாக ஒரு பெண் மேனேஜர் வரப்போகிறார் என்று ஆர்டர் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “நம்ம பிராஞ்சு இன்னா பொம்பள பாத்துக்கற பிராஞ்சா?” என்று டீக்கடையில் நான்தான் முதலில் ஆரம்பித்தேன். அன்று சாயங்காலமே மனு தயார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பெருமையில் டைப் அடிக்கக்கூடக் கொடுக்கவில்லை.

கிளையில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது என்று முதலில் எழுதினேன். சம்பள நாளில் ஆலைத் தொழிலாளர்கள் கும்பலாக வந்து கத்துவார்கள், ஒரு பெண்ணால் சமாளிக்க முடியாது என்பது இரண்டாவது. கடன் வாங்கிய ஆலைகளுக்குப் போய்ச் சரக்கிருப்பைச் சோதிக்க வேண்டும், புடவை கட்டியவர் குடோனில் ஏறி இறங்க முடியாது என்பது மூன்றாவது. நாலாவது மட்டும் ஒரே வரி: ‘இக்கிளையின் ஊழியர்கள் ஒரு பெண் அதிகாரியின் கீழ்ப் பணிபுரிந்து பழக்கமில்லாதவர்கள்.’ அதை எழுதி முடித்ததும், அடடா, எவ்வளவு கண்ணியமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே ஒரு மெச்சல். பிடிக்கவில்லை என்று எழுதவில்லை பாருங்கள், பழக்கமில்லை என்றுதானே எழுதினேன்!

ஒரு திங்கட்கிழமை அவர் வந்து சேர்ந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள். குள்ளமான உருவம், காதோரம் நரை, தோளில் ஒரு பெரிய ரெக்ஸின் பை. ஊர் ஆந்திர எல்லையில் என்பதால் அவசரத்தில் பேசும்போது நடுவே தெலுங்கு எட்டிப் பார்க்கும். அப்பாவிடம் போனில் பேசும்போது ‘நைனா, நைனா’ என்று குழைவார். முதல் நாள் நான் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் காலம் தள்ளவும் முடியாது. வங்கியின் பணப்பெட்டக அறையை ஒரே ஆள் திறக்க முடியாது. ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவர் ஒரு திருப்பு, நான் ஒரு திருப்பு திருப்பினால்தான் அந்த இரும்புக் கதவு அசையும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது போல, தினமும் காலையில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் அந்தக் கதவைத் திறந்தோம்.

மூன்றாம் நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் என் மனு கிடந்தது. மண்டல அலுவலகத்தின் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. யார் மேல் புகார் வந்ததோ அவருக்கே அதை அனுப்பி ‘விளக்கம் தேவை’ என்று கேட்பார்கள். ஆத்திரத்தில் அதை மறந்து தொலைத்திருந்தேன். அவரோ கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது போல மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார். நீங்க எழுதினதா?”

“ஆமா மேடம்” என்றேன்.

“ஒரு வருஷம் பாப்பாங்களாம் சார். ஒரே ஒரு கம்ப்ளைன்ட் நெஜம்னு ஆச்சுன்னாலும் என்னை மாத்திடுவாங்க. அது பரவால்ல, வேற ஊர்ல வேலை செஞ்சுக்குவேன். ஆனா அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எந்த லேடியையும் போட மாட்டோம்னு சொல்லித்தான் அனுப்பிச்சிருக்காங்க. அதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம்.” மனுவை மடித்து டிராயரில் வைத்தார். “நீங்க எழுதினதுல முதல் மூணும் நியாயமான பாயின்ட்டு சார். ஒண்ணு ஒண்ணாப் பாத்துடலாம்.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டினால் திருப்பிப் பேசலாம், சங்கத்தைக் கூட்டலாம். நியாயம் என்று சொல்பவரிடம் என்ன சண்டை போடுவது? வெளியே வந்து மற்றவர்களிடம் “அம்மா பயந்துட்டாங்கபா” என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

அன்றே அவர் மண்டல அலுவலகத்துக்கு எழுதிய பதில் என் வழியாகத்தான் தபாலுக்குப் போனது. பெண்களுக்குக் கழிவறை இல்லாத குறையை ஊழியர் சங்கமே சுட்டிக்காட்டியிருக்கிறது, சங்கத்தின் கோரிக்கையை ஏற்று உடனே அனுமதி தர வேண்டும் என்று எழுதி, இணைப்பாக என் மனுவின் நகலையே வைத்திருந்தார்! சங்கமே கேட்டபின் அவர்கள் எப்படி மறுப்பார்கள்? இரண்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். அதுவரை மதிய வேளையில் அவர் அந்த ரெக்ஸின் பையை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து எதிரே இருந்த சுகாதார நிலையத்துக்குப் போய் வருவார். கண்ணாடி வழியே பார்த்து நாங்கள் சிரிப்போம். இப்போது எழுதவே கூசுகிறது. கழிவறை திறந்த அன்று, எங்கள் கிளையைப் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைத்து வந்த அம்மா அந்தப் புதுக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இத்தினி வருசமா நான் எங்க போனேன்னு உங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீங்களா சார்?” பெண்களுக்குக் கழிவறை இல்லை என்று முத்து முத்தாக எழுதிய எனக்கு அந்த அம்மாவின் நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லை.

சம்பள நாள் கலாட்டாவை அவர் முடித்த விதம் இன்னும் எளிமையானது. முதல் மாதம் அறையை விட்டு வெளியே வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றார். “யக்கா, நாங்க ஷிப்ட்டு முட்ச்சிகினு ஓடியாறதுக்குள்ள நீங்க கவுண்ட்டர மூடிடறீங்கோ, அப்பால எங்க போயி முட்டிக்கறது?” என்று ஒரு பையன் கத்தினான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது, ரெண்டு மணிக்கு நாம மூடறோம். நாமளா இருந்தாலும் கத்துவோம் இல்ல சார்?” சம்பளம் போடும் மூன்று நாட்கள் மட்டும் கவுண்டரை மாலை வரை திறந்து வைக்கலாமா என்று கேட்டார். என் சாவி இல்லாமல் அது நடக்காது என்பதால் உத்தரவாகச் சொல்லவில்லை, கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு கூச்சல் கேட்டதில்லை. ரவுடிகள் என்று நான் பதினெட்டு வருஷம் பயந்தவர்கள் வரிசையில் நின்று, “நாஷ்டா ஆச்சா சார்?” என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அவருடைய வேலைக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தது மூன்றாவது காரணத்தில்தான். ஆலைக்குக் கடன் கொடுத்தால், குடோனில் இருக்கும் சரக்குதான் அதற்கு ஈடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் நேரில் போய்ச் சரக்கு இருக்கிறதா என்று பார்த்து, கூட வந்த ஊழியரோடு சேர்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. வழக்கம் வேறு. முதலாளியின் ஏசி அறையில் இளநீரும் முந்திரியும் வரும், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போகும், கிளம்பும்போது குடோன் வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நான் எத்தனை மேனேஜர்களோடு போயிருக்கிறேன்! ஒருவரும் வாசற்படி தாண்டியதில்லை, நானும் தாண்டியதில்லை. அவர் வந்த ஏழாம் மாதம், கூடப் போக வேண்டிய ஆபீசர் லீவில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார். “வாங்க சார், உங்க மூணாவது பாயின்ட்டைப் பாத்துட்டு வந்துடலாம்.”

போனது பிளாஸ்டிக் பைப் செய்யும் ஓர் ஆலைக்கு. கிளையிலேயே பெரிய கணக்கு அதுதான். குடோனில் மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணை மூட்டைகளைக் கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை சுவர் போல அடுக்கி வைத்திருந்தார்கள். மேடம் ரெக்ஸின் பையிலிருந்து கான்வாஸ் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார். ஏணி கேட்டார். முதலாளி சிரித்தார். “உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் இந்த பேஜாரு? கீழ நின்னாலே தெரியுதே, செவுரு மாரி நிக்குது. ஏணி கீணிலாம் இங்க இல்ல.” மேடம் கூரையை அண்ணாந்து பார்த்தார். “மேல பல்பு ஃப்யூஸ் போனா எப்படிங்க மாத்துவீங்க?” ஏணி வந்தது.

மடமடவென்று ஏறிவிட்டார். கீழிருந்து பார்த்தால் அவருடைய ஷூ மட்டும் தெரிந்தது. பிறகு, “சார், நீங்களும் ஒருதடவை மேல வாங்க” என்றார். எனக்கு உயரம் என்றால் ஆகாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கமே போக மாட்டேன். வீட்டில் ஒட்டடை அடிப்பதுகூட என் மனைவிதான். புடவை கட்டியவர் ஏற முடியாது என்று எழுதியவன், பேன்ட் போட்டுக்கொண்டு ஏணிக்கடியில் கால் வெலவெலத்து நிற்கிறேன்! “நீங்க பாத்தா போதும் மேடம்” என்றேன். அவர் இறங்கி வந்து, முதலாளிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “நீங்க பாக்காததைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட வேணாம் சார். ஆனா நான் மட்டும் எழுதினா, பொம்பள எதையோ பாத்துப் பயந்து எழுதிட்டான்னுதான் சொல்வாங்க. ஏறுங்க. ஏணியை நான் புடிச்சுக்கறேன்.”

ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சாமியைக் கூப்பிட்டேன். பாதியில் நின்று கீழே பார்த்தபோது ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய கைகள் தெரிந்தன. மேலே போய் எட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் மூட்டைச் சுவர், நடுவில் கிணறு மாதிரி காலி! அடியில் வெறும் மரப்பலகைகள். ஒரு பலகையின் மேல் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு சாவகாசமாகப் படுத்திருந்தது. எத்தனை மேனேஜர்களோடு வந்து வாசலில் நின்று நான் கையெழுத்துப் போட்ட சரக்கு அது.

மறுநாள் காலை அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் இடம் காலியாக இருந்தது. பத்து நிமிஷத்தில் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி என்னை நேரடியாகக் கூப்பிட்டார். முதலாளி நேற்றே அவரைப் பிடித்துவிட்டார் போல. மேடம் அனுபவமில்லாமல் நடந்து ஒரு நல்ல வாடிக்கையாளரை அவமானப்படுத்திவிட்டாராம். “நீங்க மேல ஏறலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். அன்னிக்கு மனுவுல நீங்க கேட்டது தன்னால நடந்துடும்” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் போன் தெரியாது. நான் கேட்டதேதான் தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. ஒரு வரி எழுதினால் அவரும் போய்விடுவார், இனி வரக்கூடிய எந்தப் பெண்ணும் இந்தப் பக்கம் வர மாட்டாள். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. “சார், நான் ஏறினேன்” என்றேன். “உள்ள பூனை குட்டி போட்டிருக்குது. மூணு குட்டி.” ரிசீவரை வைத்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ‘நானும் ஏறிப் பார்த்தேன்’ என்று என் அழகான எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஏறிப் பார்த்து அதையே எழுதினார்கள். ஒரு வருஷக் கெடு முடிந்தது, அவரை யாரும் தொடவில்லை. இனிமேல் எல்லாக் கிளைகளிலும் மேனேஜர்கள் சரக்கின் மேல் ஏறிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தொப்பையும் ரத்தக் கொதிப்புமாக இருந்த மேனேஜர்கள் எல்லாம் ஏணி தேட வேண்டியதாயிற்று. “உங்க மேடத்தால எங்க முட்டி போச்சுய்யா” என்று பக்கத்துக் கிளை மேனேஜர் போனில் புலம்பியபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கூடவே நான் ஏணி ஏறியதையும், கால் வெலவெலத்ததை விட்டுவிட்டு.

நாலு வருஷம் கழித்து அவர் பதவி உயர்வில் மண்டல அலுவலகத்துக்குப் போனார். அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன். மனதாரச் சொன்னேன்: “எத்தினியோ மேனேஜர பாத்துட்டேன். ஆனா நம்ம மேடம் மாதிரி பாத்ததில்ல. நாலு வருஷம் ஆம்பள மாதிரி வேலை செஞ்சாங்க!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மேடமும் சிரித்தபடி தட்டினார். கூட்டம் கலைந்தபின் ரெக்ஸின் பையிலிருந்து மனுவை எடுத்து என் கையில் கொடுத்தார். தீர்ந்த காரணத்துக்கு ஒன்றாக அவர் போட்டிருந்த மூன்று சிவப்பு டிக்குகளை அப்போதுதான் பார்த்தேன். “நாலாவது உங்களோடது சார், நீங்கதான் போடணும். அவசரமில்ல” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்தானே ஏணி ஏறினேன், நான்தானே போனில் மறுத்தேன், இன்னும் என்ன பழக வேண்டும்? வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் முறையிட்டேன். அவள் விழாவில் நான் பேசியதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஆம்பள மாதிரின்னியே, அங்கதான் மாட்டிக்கினே” என்றாள். எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. அவரைப் புகழ்வதற்குக்கூட என்னிடம் ஒரு ஆண்பிள்ளையைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. உறைத்த பிறகும் டிக் போட எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டால் அது பொய்க் கையெழுத்து மாதிரி ஆகிவிடும், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வது மாதிரி. மேடம் அதற்குப் பிறகு மும்பை, டில்லி என்று போய், வங்கியின் மிக உயர்ந்த பொறுப்புகள் வரை பார்த்து ஓய்வு பெற்றார். வங்கியின் மாதப் பத்திரிகையில் அவர் படம் வரும்போதெல்லாம் வெட்டி வைத்தேன். “இவங்க எங்க மேனேஜர்” என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

போன நவம்பரில், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்காக வருஷா வருஷம் கொடுக்கும் சான்றுக்காகப் பழைய கிளைக்குப் போனேன். இப்போது அது தேர்வாய் கண்டிகைப் புதுத் தொழிற்பூங்காவின் கம்பெனிக் கணக்குகளெல்லாம் சேர்ந்து பெரிய கிளையாகிவிட்டது. என் விரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. நோட்டு எண்ணி எண்ணித் தேய்ந்த விரலாயிற்றே. மேனேஜர் அறைக்கு அனுப்பினார்கள். கையில் ஆதாரின் ஜெராக்ஸ்தான் இருந்தது. “சார், ஒரிஜினலைப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு எடுத்துக்கினு வாங்க” என்று சொல்லிவிட்டார்கள். இதே கிளையில் காலமெல்லாம் ஹெட் கேஷியராக இருந்தவன் என்று சொன்னேன். “தெரியும் சார், ஒரிஜினல் வேணும்” என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் கத்தினேன். மேனேஜருக்கு மரியாதை தெரியவில்லை, வயசானவனை இரண்டு நாள் அலைய விடுகிறார்கள், சின்ன வயசில் பெரிய நாற்காலி கிடைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒன்று விடாமல் கொட்டினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டாள்: “புதுசா வந்துகிற மேனேஜரு ஆம்பளயா, பொம்பளயா?”

“பொம்பளதான். அதுக்கு இன்னா இப்போ?” என்று சீறினேன்.

அவள் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அரைமணி நேரம் கத்தியதில் அந்த வார்த்தை ஒருமுறைகூட என் வாயில் வரவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பிறகு இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்து நீட்டினாள். உறையிலிருந்து மனுவை எடுத்து மேசையில் விரித்தேன். சிவப்புப் பென்சிலுக்குப் பேத்தியின் டப்பாவைத் துழாவ வேண்டியிருந்தது. மேடம் போட்ட மூன்று டிக்கும் நேராக இருக்கின்றன. நான் போட்டது கொஞ்சம் கோணல். மறுநாள் ஒரிஜினல் ஆதாரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.